நேரத்துக்கு முன்னம் தறித்த புளியமரம்

புளியங்கூடல்,
சித்திரை மாதம், வியாழக்கிழமை.

அன்பின் பெறாமகன் ஜெயரூபனுக்கு,

சித்தப்பா பரமலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உமது சின்னம்மா அன்னபூரணமும் சுகம். அங்கே நீரும் மனைவி பிள்ளைகளும் குளிருக்குப் போர்த்துக்கொண்டு சுகமாய் இருக்க ஊர் அம்மாள் துணை நிற்பாளாக. உமது ஐயாவும் சுகம். வந்த கரைச்சல் முழுவதும் அதனால் வந்ததுதான்.

கையில் போன் இருக்க இந்த மனிசன் ஏன் கடதாசியில் எழுதுகிறது என்று நீர் யோசிப்பீர். வாட்ஸ்அப்பில் உம்மோடு கதைக்கலாம் என்றால் உமது ஐயா பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு முகத்தைக் கொண்டுவந்து போனுக்குள் நீட்டுகிறார். ஆகவே நாளை ரொறன்ரோவுக்குப் புறப்படும் சறோஜினிதேவி ரீச்சரிடம் இதை ஒட்டிக் கொடுத்து விடுகிறேன். வாசித்த கையோடு கிழித்துவிடும்.

மாசி மாதம் உமது ஐயா விழுந்ததும், ஆசுப்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதும், அதன் பிறகு அவர் கண் திறக்காமல், பால் மட்டும் கரண்டியால் இறக்கிக்கொண்டு கிடந்ததும் நீர் அறிந்த விஷயம். அப்போது நீர் போனில் அழுதழுது, "சித்தப்பா, எல்லாத்துக்கும் ஆயத்தமா இருங்கோ" என்று சொன்னீர். அதை நீர் சொல்லியிருக்கக் கூடாது. நான் பஸ் டிப்போவில் ரைம் கீப்பராய் இருந்து தலை நரைத்தவன், ஆயத்தமாய் இரு என்று யாரும் சொன்னால் எனக்கு அதற்கு ஒரு கருத்துத்தான் தெரியும். போன மாரிக்கு அயலில் சிவகுரு செத்தபோது, மரம் தறிக்கும் நிசாந்தன் அனலைதீவில் இருந்து வர ஏலாமல் கடல் கொந்தளித்து, விறகில்லாமல் பிரேதம் விறாந்தையில் காத்துக் கிடந்து, கடைசியில் ஆட்டுக்கொட்டிலைப் பிரித்துக் கொண்டுபோய் எரித்தார்கள். அந்தக் கொட்டிலின் ஆடுகள் பாடை போகும் வழியில் நின்று கத்தினதை நான் என் கண்ணால் பார்த்தேன். என்னுடைய கூடப்பிறந்த அண்ணையின் பயணம் அப்படிப் பிந்திப் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பிரேதம் எரிக்க அவரவர் வளவில் நிற்கிற மரத்தைத் தறிப்பதுதான் எங்கள் வழக்கம், அதிலும் மாமரம் என்றால் விசேஷம். மாமரம் வளவில் எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கிறது. கறுத்தக்கொழும்பான் இனம், பூத்துப் பிஞ்சு பிடித்து நின்றது. உமது சின்னம்மா அதன் அடியில் போய் நின்றுகொண்டு, "அத்தானுக்கு மாம்பழம் எண்டால் உயிரெல்லே, அவரின்ரை நினைவாய் இந்த மரம் நிக்கட்டும்" என்றாள். அதில் ஒரு நியாயம் இருந்தபடியால் நான் அண்ணையின் சன்னலடியில் நின்ற கிழட்டுப் புளியைத் தெரிவு செய்தேன். அந்தப் புளியின் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டு அவர் பேப்பர் வாசிப்பதும், வாசித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுவதும், திட்டிவிட்டு நித்திரை கொள்வதும் உமக்குத் தெரியும். இனி அவருக்கு அந்த நிழல் தேவைப்படாது என்று எல்லோரும் நினைத்தோம். நினைத்ததில் நீரும் சேர்த்தி.

நிசாந்தன் மெசினோடு வந்தான். என்ன நீளத்தில் வெட்ட என்று கேட்டான். குசினி விறகு ஒரு முழம், சுடலை விறகு ஆள் நீளம், இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் குரலைத் தாழ்த்தி "நீட்டு" என்றேன். அவன் உடனே தொப்பியைக் கழற்றிவிட்டான். கொப்புகள் எல்லாம் நீட்டு நீட்டாய் விழுந்து அடுக்கியாகிவிட்டது. அடிமரத்தை நீட்டாய் விட்டால் ஒரு ஊரே வந்தும் தூக்க ஏலாது என்று சொல்லிக் குற்றி குற்றியாய் அரிந்தான். ஒவ்வொரு குற்றியும் கிணற்றுக்கு மூடி போடலாம் போல அகலம், புரட்டுவதற்கு இரண்டு பேர் வேணும். பாதியில் மெசினின் சங்கிலி அறுந்தது. திருத்திக்கொண்டு வருகிறேன், குற்றிகளைக் கோடாலியால் பிளந்து வையுங்கோ என்று சொல்லிவிட்டு அவன் போய் வள்ளம் ஏறிவிட்டான். பின்னேரம் நயினாதீவில் படிப்பித்துவிட்டு வந்த உமது தங்கச்சி நிலாந்தினி வளவைப் பார்த்தாள், புளி நின்ற இடத்தைப் பார்த்தாள், உள்ளே போய்த் தகப்பனின் கால்மாட்டில் இருந்தாள். அவள் வாய் திறக்காத பிள்ளை என்று முந்தநாள் வரைக்கும் நானும் நம்பியிருந்தேன்.

அடுத்த நாள் காலமை, அந்த அறை கட்டின நாள் தொட்டு முதல் தடவையாக, சன்னலால் வெயில் நேரே உள்ளே வந்து உமது ஐயாவின் முகத்தில் அடித்தது. நான் அப்போது தேத்தண்ணியோடு வாசலில் நின்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். பிறகு, மாசிக்குப் பிறகு பேசின முதல் பேச்சாக, "ஆரடா உந்தப் புளியைத் தறிச்சது?" என்று கேட்டார். தம்பி என்ற முறையில் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லில் அடங்காது. மரம் தறிப்பித்தவன் என்ற முறையில் கையில் இருந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். உங்களை எரிக்கத்தான் அண்ணை என்று கண் விழித்த மனிசனிடம் எப்படிச் சொல்வது? விறகு என்றால் சாவுக்கு, சாவு இல்லையென்றால் கலியாணத்துக்கு. தாலிக்குப் பொன்னுருக்கின கையோடு பெண்டுகள் கூடி இருந்து பலகாரம் சுடுகிற அந்தப் பெரிய அடுப்பு என் நினைவுக்கு வந்து தொலைத்தது. "பலகாரச்சூட்டுக்கு அண்ணை, நிலாந்தினிக்குச் சம்பந்தம் சரி வந்திட்டுது" என்றேன். மாப்பிள்ளை எவ்விடம் என்று கேட்டார். ஆயுள் முழுக்க பஸ் போகிற இடங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகின வாய், கடைசித் தரிப்பிடத்தைச் சொல்லிவிட்டது. "குறிகட்டுவான் பக்கம். அரசாங்க உத்தியோகம்." அவர் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். பிறகு இரண்டு முட்டை அவிக்கச் சொன்னார்.

அன்று தொட்டு அவர் ஏறுமுகம். முட்டைக்குப் பிறகு புட்டு, புட்டுக்குப் பிறகு மீன் குழம்பு, ஒரு கிழமையில் தடியை ஊன்றிக்கொண்டு விறாந்தைக்கு வந்து, எனக்கு நேர் எதிரே கதிரை போட்டு இருந்து, "எங்கை, கொத்து பாப்பம்" என்றார். சொன்ன பொய்யை மெய்யாக்க நான் கோடாலி தூக்கவேண்டியதாய்ப் போனது. தம்பி ஜெயரூபன், முதிர்ந்த புளியின் வைரத்தைப் பற்றி நீர் ரொறன்ரோவில் இருந்து என்ன கண்டீர்? முதல் கொத்துக்குக் கோடாலி துள்ளித் திரும்பி வந்தது. இரண்டாவது கொத்துக்கு உள்ளே போனது, வரவில்லை. அதை இழுத்தெடுக்க ஒரு இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தேன், ஆப்பும் உள்ளே போய்விட்டது. ஆப்பை எடுக்க இன்னொரு ஆப்பு. இப்போது அந்தக் குற்றிக்குள் எங்கள் வீட்டு இரும்புச் சாமான் பாதி இருக்கிறது. நீர் இரக்கப்பட்டு அனுப்பின யூரியூப் படத்தையும் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரன் தாடியோடு நின்று, குற்றியைப் பழைய கார் ரயருக்குள் இறுக்கி வைத்து, ஒரே கொத்தில் முள்ளங்கி மாதிரிப் பிளக்கிறான். அவன்ரை மரம் வேறை, எங்கடை மரம் வேறை. அது தெரியாமல் நானும் டிப்போவில் கேட்டு ஒரு பஸ் ரயர் எடுப்பித்து வேறொரு குற்றியைச் சுற்றிப் போட்டு மற்றக் கோடாலியால் கொத்தினேன். கோடாலி குற்றியில் படவில்லை, ரயரில் பட்டது. பஸ் ரயருக்கு எவ்வளவு துள்ளல் இருக்கிறது என்று டிப்போவில் இவ்வளவு காலம் இருந்தும் எனக்குத் தெரியாது. நான் விழுந்து எழும்பினது கோழிக்கூட்டடியில். உமது ஐயா சிரித்துச் சிரித்து இருமல் பிடித்து, அந்த இருமலோடு நெஞ்சுச் சளி வெளியே வந்து, இன்னும் சுகமாகிவிட்டார்.

கொப்பு விறகின் நீளத்தையும் அவர் விடவில்லை. தடியால் காட்டி, "பரமு, பலகாரச்சூட்டுக்கு இவ்வளவு நீட்டு விறகு ஏனடா?" என்று கேட்டார். எண்ணெய் கொதிக்கிற கிடாரம் பெரிசு அண்ணை என்றேன். "ஆளையே படுக்க வைக்கலாம் போல கிடக்கு" என்றார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

இதற்கிடையில் ஊர்ப் பெண்டுகள் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். புளி எதற்குத் தறித்தது என்பது நிசாந்தன் தொப்பி கழற்றின நேரமே ஊருக்குத் தெரியும். சுடலைக்கென்று தறித்தது தீட்டுப் பட்ட துடக்கு விறகு, அதில் நல்ல காரியத்துக்குச் சட்டி வைத்தால் நாங்கள் அந்தப் பக்கமும் வரமாட்டோம் என்று உமது சின்னம்மாவின் காதில் போட்டிருக்கிறார்கள். அவளும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆக, இந்த விறகைச் சுடலைக்குக் கொண்டுபோகவும் ஆள் இல்லை, குசினிக்குள் எடுக்கவும் ஆள் இல்லை, நான் மட்டும் நாள் தவறாமல் கொத்திக்கொண்டிருக்கிறேன்.

முந்தநாள் நடந்ததுதான் பெரிய பகிடி. நிலாந்தினிக்குக் கலியாணம் என்ற கதை அவளைவிட வேகமாய்ப் பஸ் ஏறி, அவள் நயினாதீவுக்கு வள்ளம் எடுக்கிற குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விட்டது. அங்கே கூடப் படிப்பிக்கிற ரீச்சர்மார் கையைப் பிடித்து வாழ்த்தியிருக்கிறார்கள், மாப்பிள்ளை குறிகட்டுவானில் உத்தியோகமாமே என்று. பின்னேரம் குடையும் கையுமாய் வந்தவள் நேரே என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. "சித்தப்பா, உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை, நானாய் யோசித்துச் சொன்னது என்றேன். எவ்வளவு நாளாய்த் தெரியும் என்றாள். எனக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்கிறாள் என்பதே எனக்கு விளங்கவில்லை. அவள் குடையை என் கையில் தந்து, கோடாலியை என்னிடமிருந்து வாங்கி, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, குற்றியை ஓங்கிக் கொத்தினாள். நடுவில் கொத்தவில்லை, விளிம்பில் கொத்தினாள். விளிம்பு ஒரு பலகை போல் கழன்று விழுந்தது. சுற்றி வந்து அடுத்த விளிம்பு. அதுவும் விழுந்தது. நடுவில் கொத்தவேணும் பிள்ளை என்று நான் சொல்ல, "நடுவிலை வந்து கொத்துறதெல்லாம் உங்கடை வேலை" என்றாள். பொழுதுபடுவதற்குள் இரண்டு குற்றி பிளந்து கிடந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவளோ என்னைப் பார்த்துப் பார்த்துக் கொத்தினாள்.

கடைசியில் கோடாலியைப் போட்டுவிட்டு, ஒருவரையும் பார்க்காமல், "எனக்கு ஒரு கலியாணம் எண்டால் அது மிஞ்சின விறகை எரிக்கத்தானோ?" என்று கேட்டாள். பிறகு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். உமது ஐயா விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். எனக்கு அந்த நேரம் மனம் மிகவும் கஷ்டமாய்ப் போய்விட்டது தம்பி. நீர் போய்க் கன காலம். தகப்பனைப் பார்க்கிறது, பஸ் ஏறுகிறது, வள்ளம் ஏறுகிறது, திரும்பி வந்து தகப்பனைப் பார்க்கிறது என்று அந்தப் பிள்ளையின் வயது போய்க்கொண்டிருக்கிறது. வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் ஐயா தனிய என்று சொல்லித் தட்டிவிட்டாள். நானும் நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனபடியால் நான் நன்றாய் யோசித்து எழுதுகிறேன். நீர் வரத் தேவையில்லை, செத்த வீட்டுக்கென்று போட்ட ரிக்கற்றை நிற்பாட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை போனில் ஐயா சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டால், ஓம், சித்தப்பா சொன்னவர், நல்ல இடம் என்று மட்டும் சொல்லும், மாப்பிள்ளையின் பெயர் கேட்டால் லைன் வெட்டுது என்று சொல்லி வைத்துவிடும். ஆனி மாதம் அளவில் சாதகம் பொருந்தவில்லை என்று நான் ஒரு கதை சொல்லி முடித்துவிடுவேன். விறகை நிசாந்தன் வந்ததும் ஊர் கடத்தி அனுப்பிவிடலாம். நிலாந்தினிக்கு இதில் ஒன்றும் தெரியவேண்டாம், அவள் மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது கோடாலி தேடுகிறாள். எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்து விடலாம், அந்தப் புளியைத் தவிர.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. பிள்ளைகள் தமிழ் மறவாமலும் நீர் இரத்த அழுத்தக் குளிசையை மறவாமலும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உமது நலம் விரும்பும் சித்தப்பா,
பொ. பரமலிங்கம்

பி.கு.: ரீச்சரின் பயணம் தள்ளிப் போனபடியால் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே எழுதினதெல்லாவற்றையும் எழுதாததாய் எடுத்துக்கொள்ளவும். இன்றைக்குக் காலமை படலையடியில் ஒரு பெடியன் வந்து நின்றான். வெள்ளைச் சேட்டு, வியர்த்து ஒட்டிப்போய் இருந்தது. பெயர் சுபேசன், நெடுந்தீவு, குறிகட்டுவான் இறங்குதுறையில் கடமை. நிலாந்தினி ரீச்சருக்குக் குறிகட்டுவானில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை பேசியிருக்கிறதாமே, அது யார் என்று கேட்டான். "அங்கை அரசாங்க உத்தியோகத்திலை கலியாணம் கட்டாத ஆள் நான் ஒருத்தன்தான் ஐயா. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." குசினி வாசலில் நின்ற நிலாந்தினி கையில் இருந்த செம்பைக் கீழே போட்டாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் அவிழ்த்துவிட்ட பொய், அந்தப் பிள்ளை கன வருசமாய் ஒளித்து வைத்திருந்த மெய்யில் போய் முட்டியிருக்கிறது.

உமது ஐயா தடியை ஊன்றி எழும்பினார். பெடியனை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிறகு எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்: "நான்தான் கிடந்தனான், என்ரை காது கிடக்கேல்லை. நீ நீட்டு எண்டு சொன்னதும் கேட்டது, அவன் மெசின் பிடிச்சதும் கேட்டது. இந்தத் தம்பியின்ரை போன் வந்தால் இவள் கிணத்தடிக்குப் போறதும் எனக்கு எப்பவோ தெரியும். நான் கேட்கேல்லை. கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவாள், பிறகு எனக்கு ஆர் எண்ட பயம்." நிலாந்தினி ஐயா என்று ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்டைக்கு நீ கொத்தின கொத்தைப் பார்த்தனான் பிள்ளை. அதுக்குப் பிறகும் பேசாமல் இருந்தால் நான் மனிசனில்லை." அவள் நின்ற இடத்திலேயே இருந்து அழுதாள். உமது சின்னம்மா மெல்ல, விறகு துடக்கெல்லே அத்தான், பெண்டுகள் வரமாட்டுதுகளே என்றாள். ஆள் செத்தால்தான் துடக்கு, ஆள் இங்கே இருந்து உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன், விறகும் சுத்தம் என்று அவர் சொல்லிவிட்டார். உமது சின்னம்மா அதைப் பெண்டுகளுக்குச் சொல்ல அப்போதே படலையைத் திறந்துகொண்டு போனாள்.

ஆகவே ரிக்கற்றை நிற்பாட்ட வேண்டாம், ஆவணிக்கு மாற்றும். பலகாரச்சூட்டுக்கு உமது மனைவியும் கட்டாயம் வரவேணும். அந்தத் தாடிக்காரனின் கோடாலி மாதிரி ஒன்று கொண்டுவந்தால் நல்லது, ஏனென்றால் மாப்பிள்ளையும் தன் கெட்டித்தனத்தைக் காட்ட நடுவில்தான் கொத்தினார், எங்கள் வீட்டுக் கடைசிக் கோடாலியும் இப்போது குற்றிக்குள் நிற்கிறது. நிலாந்தினி சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டுக் கன காலம்.

இன்னும் ஒன்று. நீட்டு விறகையும் ஒரு முழத்துக்கு அரிந்துவிடலாம் என்று நான் நிசாந்தனுக்குப் போன் எடுக்கப் போனேன். உமது ஐயா என்னைக் கூப்பிட்டு, "குட்டையெல்லாம் அவளுக்கு. நீட்டை அப்பிடியே விடு, அது என்ரை. மழை படாமல் கிடுகு போட்டு மூடு" என்றார். அவரே சொல்லிவிட்டாரே என்று, எதற்கும் ஒரு ஆயத்தம் இருக்கட்டும் என்று, எப்போதைக்கு அண்ணை என்று கேட்டேன். அவர் சாய்மனைக் கதிரையை மாமரத்தடிக்குக் கொண்டுபோகச் சொல்லி, அதில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, பேப்பரை விரித்தார். "பச்சைப் புளி பரமு. காய ரெண்டு வருசம் எண்டாலும் செல்லும். அதுவரைக்கும் பாத்துக்கொண்டிரு."